மாணவர் உதவிக்கு ஒரு டசின் மேசை, பொறுப்பெடுக்க ஒருவரும் இல்லை: எதைச் சேர்ப்பது, எதை விடுவது?

ஆலமரத்தடி:

வணக்கம். கொழும்பில் ஓர் அரச பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருக்கிறேன். எது என்று சொல்லப்போவதில்லை, ஊகித்தவர்களும் எழுதாமல் விட்டால் நல்லது. பீடத்தின் மாணவ ஆலோசகர் பொறுப்பும் என்னிடம் இருக்கிறது. மாணவர் உதவிப் பிரிவுகள் கூடிப்போய்விட்டன, ஒன்றின் வேலையை மற்றதும் செய்கிறது, சீர்ப்படுத்த ஒரு யோசனை தாருங்கள் என்று நிர்வாகம் சிறிய குழு ஒன்றைப் போட்டிருக்கிறது. குழுவில் ஆகக் கனிஷ்டம் நான் என்பதால் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

இருப்பவற்றைச் சொல்கிறேன். மாணவர் விவகாரப் பிரிவு, நலன்புரிப் பிரிவு (இரண்டும் ஒரே மாடியில், எதிரெதிர்க் கதவுகள்), பீடத்துக்குப் பீடம் மாணவ ஆலோசகர்கள், அவர்களுக்கு மேல் சிரேஷ்ட மாணவ ஆலோசகர், முதலாம் வருடப் பிள்ளைகளுக்கென்று பெயர் போடப்பட்ட மெண்டர்கள் (வழிகாட்டும் விரிவுரையாளர்கள்), உளவளத்துணை நிலையம், மருத்துவ நிலையம், தொழில் வழிகாட்டல் அலகு, பால்நிலை சமத்துவ நிலையம், விசேட தேவையுள்ள மாணவர்களுக்கான அலகு, பகிடிவதை (ராகிங்) எதிர்ப்புக் குழு, ஒழுக்காற்றுக்கு ப்ரொக்டர், விடுதிகளில் வார்டன்கள். ஏதாவது விட்டிருப்பேன்.

எதுவும் சும்மா முளைக்கவில்லை. பகிடிவதைக் குழுவுக்குப் பின்னால் 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டமும், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு 2010 இல் விட்ட 919 ஆம் இலக்கச் சுற்றறிக்கையும் இருக்கின்றன. மெண்டர் முறை தர மதிப்பீட்டுக்கு வந்தவர்கள் கேட்டதால் வந்தது. சில அலகுகள் ஏதோவொரு திட்டப் பணத்தில் தொடங்கி, பணம் முடிந்த பிறகும் பெயர்ப்பலகையோடு நிற்கின்றன.

என்ன நடக்கிறது என்பதற்கு ஒரு விஷயம், விபரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். இரண்டாம் வருட மாணவி ஒருவர் விரிவுரைக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார். தகப்பனுக்குச் சுகமில்லை, மஹாபொல புலமைப்பரிசில் தவணை பிந்துகிறது, போடிங் (வாடகை அறை) காசு கட்ட முடியவில்லை, நித்திரை இல்லை. நலன்புரிப் பிரிவு பர்சரி (உதவிப்பண) படிவம் கொடுத்தது. மருத்துவ நிலையம் நித்திரைக்கு மருந்து கொடுத்து உளவளத்துணைக்குத் துண்டு எழுதியது. மெண்டர் “மனந்தளராதீர்கள்” என்று ஈமெயில் போட்டார். வார்டனிடம் விடுதி கேட்டு விண்ணப்பம் கிடந்தது. நானும் ஒரு தடவை கூப்பிட்டுப் பேசினேன். எல்லாரும் அவரவர் வேலையைச் செய்தோம். பரீட்சை நேரத்தில் 80 வீத வரவு இல்லை என்று பெயர் வெட்டப்பட்டபோதுதான், இத்தனை பேரும் ஒரே பிள்ளையைப் பார்த்திருக்கிறோம் என்பது தெரிந்தது. வரவைப் பதியும் அலுவலகத்துக்கு இதில் ஒன்றும் தெரியாது.

குழுவில் பெரும்பான்மை எண்ணம், எல்லாவற்றையும் ஒரே கட்டடத்தில் போட்டு “மாணவர் உதவி நிலையம்” என்று பெயர் வைப்பது. எனக்கு அது சரியாகப் படவில்லை, ஆனால் ஏன் என்று தெளிவாகச் சொல்லவும் வரவில்லை. அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்.


பழைய பைல்:

பிள்ளை, நான் வேறொரு பல்கலைக்கழகத்தின் பதிவாளர் கிளையில் இருந்து ஓய்வு பெற்றவன். ஒரே கட்டடம் என்ற கதையை நான் சேவையில் இருந்த காலத்தில் ஒவ்வொரு துணைவேந்தரும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

முதலில் ஒன்றை விளங்கிக்கொள்ளுங்கள். ஒரு பிரிவை மூடுவது என்றால் அங்குள்ள பதவிகளை என்ன செய்வது என்ற கேள்வி வரும். ஆளணியை, அதாவது எத்தனை பதவி என்பதை, அங்கீகரிப்பது நீங்கள் இல்லை. அது மானியங்கள் ஆணைக்குழு வழியாகத் திறைசேரியின் முகாமைத்துவச் சேவைகள் திணைக்களம் வரைக்கும் போகும். விட்ட பதவியைத் திரும்ப எடுக்க முடியாது, அதுவும் ஆட்சேர்ப்பை இறுக்கிப் பிடித்திருக்கும் இந்தக் காலத்தில். ஆகவே எந்தப் பிரிவுத் தலைவரும் “என் பிரிவை எடுங்கள்” என்று கையெழுத்துப் போடமாட்டார். பணிப்பாளர் பதவிக்குக் கொடுப்பனவும் உண்டு, அதையும் மறக்க வேண்டாம்.

உங்கள் செனட்டும் பேரவையும் தாமாகவே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. படிவத்தை மாற்றலாம். பதிவேட்டை ஒன்றாக்கலாம். யார் யாருக்கு அறிவிக்க வேண்டும் என்று நடைமுறை எழுதலாம். இதற்கு ஒரு சதமும் வேண்டாம், கொழும்பு 7 இல் இருக்கும் ஆணைக்குழுவுக்கு ஒரு கடிதமும் போகத் தேவையில்லை. நிறுவன வரைபடத்தில் கை வைத்தீர்கள் என்றால் மூன்று வருடம் போகும். பதிவேட்டில் கை வையுங்கள்.

இன்னொன்று. அந்தப் பிள்ளையிடம் கிராம உத்தியோகத்தர் சான்றிதழ் எத்தனை மேசையில் கேட்டிருப்பார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். பர்சரிக்கு ஒன்று, விடுதிக்கு ஒன்று, நலன்புரி நிதிக்கு ஒன்று. எல்லாம் ஒரே வருமானத்தைத்தான் சொல்கிறது, எல்லாவற்றிலும் பிரதேச செயலாளரின் மேலொப்பமும் வேண்டும்.


மலைமுகடு:

மிஸ், நான் இறுதி வருடம், ஹட்டன் பக்கம். ஐயா சொன்ன சான்றிதழ் கதை நூற்றுக்கு நூறு உண்மை. தோட்டத்தில் இருக்கிறவர்களுக்கு அது இன்னும் கஷ்டம். கிராம உத்தியோகத்தர் ஒருவருக்குப் பல தோட்டங்கள் இருக்கும், அவர் எந்த நாளில் எங்கே இருப்பார் என்று தெரிந்து போக வேண்டும். கொழும்பில் இருந்து அதற்காக ஒரு தடவை வீட்டுக்குப் போவது என்றால் பஸ் காசும் இரண்டு நாள் விரிவுரையும் போகும். அப்புறம் அந்த இரண்டு நாளும் வரவில் குறையும்.

ஆனால் நீங்கள் எழுதிய பட்டியலை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, மன்னிக்க வேண்டும். அதில் பாதி இருப்பதே எங்களுக்குத் தெரியாது. எங்களுக்கு ஏதாவது என்றால் பட்ஜில் (ஒரே வருடத்தில் சேர்ந்தவர்களில்) ஓர் அக்கா இருப்பார், அவரிடம் போவோம். அவர் தமிழ்ச் சங்கத்தில் யாரையாவது பிடிப்பார். முஸ்லிம் பிள்ளைகள் தங்கள் மாணவர் சங்கமான மஜ்லிஸில் பேசுவார்கள். காசுப் பிரச்சினை என்றால் பழைய மாணவர் யாரிடமாவது சேர்த்துக் கொடுப்பார்கள். உண்மையான மாணவர் உதவிப் பிரிவு அதுதான்.

ஏன் அலுவலகத்துக்குப் போவதில்லை என்று கேட்டால், முதல் காரணம் மொழி. கவுன்டரில் சிங்களத்தில் கேட்பார்கள். படிவம் சிங்களமும் ஆங்கிலமும். நான் இப்போது சமாளிப்பேன், முதலாம் வருடத்தில் வாயே திறக்கவில்லை. ஒரு படிவத்தைச் சமாளிக்கலாம். மனசு சரியில்லை என்பதைத் தெரியாத மொழியில் எப்படிச் சொல்வது? எனக்குத் தெரிந்த ஒருவர் உளவளத்துணைக்குப் போனபோது, மொழிபெயர்க்க மருந்து கொடுக்கும் அறையில் இருந்து ஓர் அக்காவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்த அக்கா நல்லவர்தான். அவருடைய தங்கச்சி எங்கள் பட்ஜ். உதவி கேட்டுப் போனவர் பிறகு அங்கே போகவே இல்லை.


வரவுசெலவு:

கணக்காய்வுப் பக்கம் வேலை செய்தவன் என்ற முறையில் ஒரு எச்சரிக்கை. “சீர்ப்படுத்தல்” என்று தொடங்கும் குழுக்களில் பெரும்பாலானவை கடைசியில் “ஒருங்கிணைப்பு அலகு” ஒன்றை உருவாக்கி முடிக்கும். பன்னிரண்டு பதின்மூன்றாகும். அதற்கு ஒரு பணிப்பாளர், ஒரு அறை, ஒரு ஏசி.

நிர்வாகத்தின் நோக்கம் என்ன, செலவைக் குறைப்பதா, மாணவருக்கு வேலை நடப்பதா? இரண்டும் ஒன்று என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். செலவு என்று பார்த்தால் இந்த அலகுகளில் பெரிதாக ஒன்றும் இல்லை. பாதிப் பேர் விரிவுரையாளர்கள், மேலதிகமாகச் செய்கிறார்கள். விரயமாவது அவர்களின் நேரம். ஒரே மாணவரைப் பற்றி ஐந்து பேர் ஐந்து தடவை கேட்டு எழுதும் நேரம்.


கேட்கும்காது:

நான் தொழில்முறை உளவளத்துணையாளர், பல்கலைக்கழக மாணவர்களோடு பல வருடம் வேலை செய்திருக்கிறேன். ஆலமரத்தடிக்கு ஒரே கட்டடம் சரியாகப் படாததற்குக் காரணம் இருக்கிறது.

எங்கள் பல்கலைக்கழகங்களில் மாணவ ஆலோசகர் என்பவர் ஒரு விரிவுரையாளர். அவரே விடைத்தாள் திருத்துகிறார். பகிடிவதை நடந்தால் பல இடங்களில் அவரே முதல் விசாரணைக்கும் போகிறார், ப்ரொக்டருக்கு அறிக்கை எழுதுகிறார். அதே ஆளிடம் வந்து “சேர், எனக்கு வாழப் பிடிக்கவில்லை” என்று ஒரு பிள்ளை சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். சொல்லமாட்டார்கள். பகிடிவதைக்கு உள்ளான பிள்ளைக்கு முதலில் வேண்டியது தைரியமாகப் பேச ஓர் இடம். பேசினால் அது முறைப்பாடாகிவிடும், முறைப்பாடானால் முழு பட்ஜும் ஒதுக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். ஆகவே வாயை மூடிக்கொண்டு போய்விடுவார்கள்.

கவனிக்கும் கையையும் தண்டிக்கும் கையையும் ஒரே கூரைக்குக் கீழே, ஒரே பைலில் வைத்தீர்கள் என்றால் இருக்கும் கொஞ்ச நம்பிக்கையும் போய்விடும். பால்நிலை நிலையத்தையும் அப்படியே தனியாக விடுங்கள். அங்கே வரும் முறைப்பாடுகளில் சில விரிவுரையாளர்கள் மேலேயே இருக்கும்.

ஆனால் தனித்தனியாக இருப்பதிலும் உயிர் போகும் ஆபத்து இருக்கிறது. 2007 இல் அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவன் 32 பேரைச் சுட்டுக் கொன்றான். பிறகு ஆளுநர் நியமித்த குழு ஆராய்ந்தபோது, அவனைப் பற்றி ஆங்கிலத் துறைக்குத் தெரிந்திருந்தது, விடுதிக்குத் தெரிந்திருந்தது, வளாகப் பொலிஸுக்கும் உளவளத்துணை நிலையத்துக்கும் தெரிந்திருந்தது. ஒருவரும் அவற்றைச் சேர்த்துப் பார்க்கவில்லை. தனியுரிமைச் சட்டம் தடுக்கிறது என்று பலர் நினைத்திருந்தார்கள், உண்மையில் சட்டம் அந்த அளவுக்குத் தடுக்கவில்லை. அதற்குப் பிறகுதான் அங்குள்ள பல பல்கலைக்கழகங்களில் பிரிவுகளின் பிரதிநிதிகள் ஒழுங்காகக் கூடும் சிறிய குழுக்கள் பரவின. பிரிவுகளைக் கலைக்கவில்லை. ஆட்களை ஒரு மேசையில் உட்கார வைத்தார்கள்.


ஆலமரத்தடி:

கேட்கும்காது, மிக்க நன்றி. ஆனால் அந்த மேசையில் என்ன பேசலாம், என்ன பேசக்கூடாது? எங்கள் குழுவில் ஒரு பேராசிரியர் எல்லாரும் பார்க்கக்கூடிய ஒரு கூகிள் ஷீட் போதும் என்கிறார். எனக்கு நெஞ்சு திக்கென்றது.


கேட்கும்காது:

கூகிள் ஷீட்டில் ஒரு பிள்ளையின் மருந்தின் பெயரை எழுதுவதா? வேண்டவே வேண்டாம். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலை விசேட வகையாக வைத்திருக்கிறது. நடைமுறைப்படுத்தல் இழுபட்டாலும் சட்டம் சட்டம்தான்.

நான் செய்யச் சொல்வது இது. பொதுப் பதிவேட்டில் நான்கு விஷயம் மட்டும்: மாணவர் இலக்கம், இப்போது யார் பொறுப்பு, அடுத்து என்ன செய்ய வேண்டும், எந்தத் திகதிக்குள். காரணம் எழுத வேண்டாம். உளவளத்துணையில் இருக்கிறார் என்றுகூட எழுத வேண்டாம், “கவனிப்பில் உள்ளார்” போதும். காரணமும் குறிப்பும் அந்தந்தப் பிரிவின் பைலில் பூட்டியே இருக்கட்டும். வேறு பிரிவுக்குச் சொல்வதானால் மாணவரிடம் கேட்டுச் சொல்லுங்கள், அவர் முன்னாலேயே போன் எடுத்துச் சொன்னால் இன்னும் நல்லது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டாம், அதையும் முதல் சந்திப்பிலேயே மாணவருக்குச் சொல்லிவிட வேண்டும்.

உங்கள் மாணவி விஷயத்தில் இந்தப் பதிவேடு இருந்திருந்தால் வரவுப் பட்டியல் போடும் அலுவலர் பெயரை வெட்டும் முன் ஒரு தடவை பார்த்திருப்பார். என்ன பிரச்சினை என்று அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. யாருக்குப் போன் பண்ண வேண்டும் என்று தெரிந்தால் போதும்.


யாரா நதிக்கரை:

மெல்பேர்ணில் இருந்து எழுதுகிறேன், பத்து வருடத்துக்கு மேல் மாணவர் சேவையில் வேலை. பெரிய பல்கலைக்கழகங்கள் இங்கே எப்போதோ “ஒரே கவுன்டர்” முறைக்கு வந்துவிட்டன. மெல்பேர்ண் பல்கலைக்கழகத்தில் அதற்கு ஸ்டொப் 1 என்றே பெயர். பதிவு, கட்டணம், பரீட்சை, உதவிப்பணம் மாதிரியான விஷயங்களுக்கு இது உண்மையில் நல்லது. ஒரு கேள்விக்கு ஒரு பதில், மாணவர் அலைய வேண்டியதில்லை.

நான் வேலை செய்யும் இடத்திலும் அப்படிச் சேர்த்தார்கள். அப்போது போனது என்ன தெரியுமா? ஒவ்வொரு பீடத்திலும் இருந்த அந்த அம்மாக்கள். இருபது வருடம் ஒரே கவுன்டரில் இருந்து, முகத்தைப் பார்த்தே “நேற்றும் சாப்பிடவில்லையா?” என்று கேட்டவர்கள். அவர்களின் பதவிகள் மத்திய அலுவலகத்துக்குப் போயின, பலர் வேலையை விட்டார்கள். மாணவருக்கு டிக்கெட் இலக்கம் கிடைத்தது. படிவ வேலை வேகமானது, வாய்விட்டுப் பேசும் பிள்ளைகள் குறைந்தார்கள்.

ஆகவே படிவ வேலையைத் துணிந்து ஒன்றாக்குங்கள். ஆட்களை அவர்கள் இருக்கும் இடத்திலிருந்து தூக்காதீர்கள்.

முறைப்பாடு செய்யப் பல்கலைக்கழகத்துக்கு வெளியே ஒரு வழி வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கே 2025 பெப்ரவரி 1 முதல் தேசிய மாணவர் குறைகேள் அதிகாரி ஒருவர் இருக்கிறார். பல்கலைக்கழகத்தைப் பற்றியே முறைப்பாடு என்றால் அங்கே போகலாம். அது வந்த பிறகு உள்ளுக்குள்ளும் பதில் சொல்லும் வேகம் கூடியதாக என் கண்ணுக்குத் தெரிகிறது.


வரவுசெலவு:

வெளிநாட்டு உதாரணங்கள் எல்லாம் சரி. அங்கே சேவைக்கென்று சம்பளம் வாங்கும் ஆட்கள் இருக்கிறார்கள். இங்கே ஒரு உளவளத்துணையாளருக்கு எத்தனை ஆயிரம் மாணவர்? அந்த மேசைக்கு யார் நேரம் ஒதுக்கப் போகிறார்?


பழைய பைல்:

யாரா நதிக்கரை சொன்ன “அம்மாக்கள்” எங்களிடமும் உண்டு. சிலர் ஆண்கள். பீட அலுவலகத்தின் பியோன் ஒருவருக்கு எந்தப் பிள்ளை எந்த போடிங், யாருக்கு வீட்டில் என்ன பிரச்சினை என்பது மெண்டரைவிட நன்றாகத் தெரியும். அவரை எந்தக் குழுவிலும் போடமாட்டார்கள். போட வேண்டும் என்றும் சொல்லவில்லை, ஒரு பிள்ளை சரியில்லை என்று அவருக்குப் பட்டால் யாரிடம் சொல்வது என்று மட்டும் சொல்லிக் கொடுங்கள். காவலாளிகளுக்கும் அப்படித்தான்.

வரவுசெலவு தம்பியின் கேள்விக்கு: வாரத்தில் ஒருநாள் காலை அரை மணித்தியாலம். ஒவ்வொரு பிரிவிலும் ஒருவர். பேச்சு அந்தப் பதிவேட்டில் திகதி தாண்டிய பெயர்களைப் பற்றி மட்டும். தேநீர் கொடுக்காதீர்கள், இரண்டு மணித்தியாலம் ஆகிவிடும்.


மட்டுநகர் அம்மா:

நான் விரிவுரையாளரும் இல்லை, மாணவியும் இல்லை. மகன் கொழும்பில் படிக்கிறான், வெள்ளவத்தையில் போடிங். போன தவணையில் ஒரு கிழமை போன் எடுக்கவில்லை. பல்கலைக்கழகத்துக்குக் கோல் எடுத்தால் ஒரு நம்பரில் இருந்து இன்னொரு நம்பர், அங்கிருந்து இன்னொன்று. கடைசியில் ஒருவர் “அவர் வளர்ந்த பிள்ளை, நாங்கள் ஒன்றும் சொல்ல முடியாது” என்று வைத்துவிட்டார். மகனுக்கு டெங்கு, கூட்டாளிமார் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். இந்தப் பெரிய திட்டத்தில் தாய் தகப்பனுக்கு ஒரு நம்பர் உண்டா?


கேட்கும்காது:

அம்மா, உங்கள் கேள்வி நியாயமானது. 18 வயது தாண்டியவரின் விபரத்தை அவரைக் கேட்காமல் சொல்ல முடியாதுதான். ஆனால் பெற்றோர் சொல்வதைக் கேட்பதற்கு எந்தத் தடையும் இல்லை. “மகன் போன் எடுக்கவில்லை, பயமாக இருக்கிறது” என்றால் அதை எழுதிக்கொண்டு, ஒருவர் நேரில் போய்ப் பார்த்து, “அம்மாவுக்குக் கோல் எடுங்கள்” என்று பிள்ளையிடம் சொல்லலாம். முன் மேசையில் இருப்பவருக்கு இந்தப் பழக்கத்தைச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

இதை வாசிக்கும் மாணவர்களுக்கும்: இரவில் மனசு தாங்காமல் போனால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 க்கு அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். மனமுடைந்தவர்களுக்குக் காது கொடுக்கும் சுமித்ரயோ அமைப்பு 1974 இலிருந்து கொழும்பில் இயங்குகிறது. வளாகம் நாலரைக்குப் பூட்டும், கஷ்டம் நாலரையோடு நிற்காது.


மலைமுகடு:

மொழி விஷயத்துக்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை. எல்லாப் பிரிவையும் சேர்த்தால் எங்களுக்கு நடக்கப் போவது இதுதான்: இப்போது பன்னிரண்டு இடத்தில் தற்செயலாக இரண்டு மூன்று தமிழ் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஒரே இடம் ஆனால், அந்த ஒரு கவுன்டரில் தமிழ் தெரிந்தவர் லீவு என்றால் கதவு மூடியதுதான்.


நெறியாளர்:

இடையில் வந்த இரண்டு பதிவுகளை எடுத்துவிட்டேன். பல்கலைக்கழகப் பெயரும் ஒரு அலுவலரின் பெயரும் இருந்தன. இன பேதம் பேச வேறு இழைகள் உண்டு, இங்கே விஷயத்தோடு நில்லுங்கள்.


பழைய பைல்:

மலைமுகடு தம்பிக்கு. அரசியலமைப்பின் 16 ஆவது திருத்தம் 1988 இல் வந்தது. பொது நிறுவனத்தோடு தமிழில் தொடர்புகொள்ளவும் தமிழில் பதில் பெறவும் உரிமை உண்டு. பல்கலைக்கழகமும் அதில் அடக்கம். நடைமுறையில் என்ன நடக்கும் என்றால், தமிழ்ப் படிவம் கேட்டால் “மொழிபெயர்ப்பாளர் இல்லை” என்பார்கள். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு கேள்வி போடுங்கள்: மாணவர் சேவைப் படிவங்களில் எத்தனை தமிழில் உண்டு, தமிழில் சேவை வழங்கக்கூடிய அலுவலர் எத்தனை பேர்? மரியாதையாகக் கேளுங்கள், சண்டை வேண்டாம். கேள்வி போன அடுத்த மாதம் படிவம் அச்சடிக்கப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன்.


ஆலமரத்தடி:

மலைமுகடு, நீங்கள் சொன்னதை வைத்து வரைவையே மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். மொழி என்பது கடைசிப் பக்கத்தில் ஒரு வரியாக இருந்தது. இப்போது முதல் பக்கத்தில் இருக்கிறது: எந்தப் பிரிவை எதோடு சேர்த்தாலும், சேர்க்கும் முன் இருந்த தமிழ் தெரிந்த அலுவலர் எண்ணிக்கை குறையக்கூடாது, உளவளத்துணைக்கு வளாகத்துக்குள் இருந்து மொழிபெயர்ப்பாளர் எடுக்கக்கூடாது, வெளியில் இருந்து தமிழ் பேசும் உளவளத்துணையாளர் ஒருவரை மணித்தியாலக் கொடுப்பனவில் அமர்த்த வேண்டும். கடைசியாகச் சொன்னதற்குக் காசு வேண்டும், பார்ப்போம்.

இதுவரை எழுதியதைச் சுருக்கமாகப் போடுகிறேன், கல்லெறிய விரும்புகிறவர்கள் எறியலாம்.

உண்மையாக ஒன்றாக்குவது பணம் சம்பந்தப்பட்டவற்றை மட்டும். பர்சரி, நலன்புரி நிதி, விடுதி மூன்றுக்கும் ஒரே படிவம், ஒரே சான்றிதழ், ஒரு தடவை. மஹாபொல நிதியமும் ஆணைக்குழுவும் கேட்கும் பட்டியல்களை அதிலிருந்தே எடுக்கலாம். 2025 வரவு செலவுத் திட்டத்தில் மஹாபொல 5000 இலிருந்து 7500 ஆனது நல்ல விஷயம்தான், ஆனால் கொழும்பில் போடிங் வாடகைக்கே அது போதாது. பிந்தினால் பிள்ளை அன்றைக்கே பட்டினி. ஆகவே தவணை பிந்தும்போது கொடுத்துத் திரும்பப் பெறும் ஒரு சிறிய அவசரக் கையிருப்பையும் அதே மேசையில் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

மெண்டர்களையும் மாணவ ஆலோசகர்களையும் ஒரே பட்டியலாக்குகிறேன். இரண்டு பேரும் விரிவுரையாளர்கள், இரண்டு பேரும் ஒரே வேலையை அரைகுறையாகச் செய்கிறோம். இனி ஒரு மாணவருக்கு ஒரு பெயர். அந்தப் பெயருக்கு உரியவர் ஒழுக்காற்று விசாரணையில் இருக்கக்கூடாது.

உளவளத்துணை, மருத்துவம், பால்நிலை நிலையம், பகிடிவதை முறைப்பாடு, ப்ரொக்டர் எதையும் தொடவில்லை. நடுவில் கேட்கும்காது சொன்ன நான்கு விஷயப் பதிவேடும், வாரம் அரை மணித்தியால மேசையும். தேநீர் இல்லை.


கேட்கும்காது:

ஒன்றில் உடன்பட முடியாது. விரிவுரையாளரை மாணவ ஆலோசகராக வைப்பதே பிழை என்பது என் நிலைப்பாடு. ஒழுக்காற்றிலிருந்து விலக்கினாலும் அவர் விடைத்தாள் திருத்துகிறார். வேறு பீடத்து விரிவுரையாளரைப் போடுங்கள்.


ஆலமரத்தடி:

யோசித்தேன். ஆனால் என் பிள்ளைகள் வகுப்புக்கு வரவில்லை என்பது எனக்குத்தான் முதலில் தெரிகிறது. பிரிட்டனில் பிரிஸ்டல் பல்கலைக்கழக வழக்கு ஞாபகம் இருக்கும். வாய்மொழி மதிப்பீட்டுக்குப் பயந்த மாணவி ஒருவர் 2018 இல் உயிரை விட்டார். துறையில் இருந்தவர்களுக்கு அந்தப் பயம் தெரிந்திருந்தது. 2022 இல் நீதிமன்றம் பல்கலைக்கழகம் தகுந்த மாற்றம் செய்யவில்லை என்றது, 2024 இல் அங்குள்ள மேல் நீதிமன்றமும் (ஹைகோர்ட்) அதையே உறுதிசெய்தது. உரிய படிவமும் மருத்துவச் சான்றும் வரவில்லை என்ற வாதம் நிற்கவில்லை. முதலில் கண்ணில் படுவது துறைக்குத்தான். அதனால் கண் துறையில் இருக்கட்டும், பேசும் ஆள் மாணவர் தெரிவாக இருக்கட்டும், தன் துறையில் வேண்டாம் என்றால் வேறு பீடத்தில் ஒருவரைக் கேட்கலாம் என்று எழுதிவிடுகிறேன். உங்களுக்கு முழுத் திருப்தி இருக்காது.


கேட்கும்காது:

இல்லை. ஆனாலும் இப்போது இருப்பதைவிடப் பரவாயில்லை.


வரவுசெலவு:

பதின்மூன்றாவது அலகு வரவில்லை என்பதே எனக்குப் போதும். பதிவேட்டை யார் வைத்திருப்பார்?


ஆலமரத்தடி:

மாணவர் விவகாரப் பிரிவில் ஏற்கெனவே இருக்கும் சிரேஷ்ட முகாமைத்துவ உதவியாளர் ஒருவர். தமிழ், சிங்களம் இரண்டும் தெரிந்தவர், ஓய்வு பெற இன்னும் காலம் இருக்கிறது. கேட்டுவிட்டேன், சம்மதம். அவருக்கு “ஒருங்கிணைப்பாளர்” என்று ஒரு பதவியும் சிறு கொடுப்பனவும் கேட்கலாம் என்று நினைக்கிறேன்.


பழைய பைல்:

பதவி கேட்காதீர்கள் பிள்ளை. புதுப் பதவி என்றால் ஆளணி அங்கீகாரம், அதற்கு ஒரு கோப்பு, அந்தக் கோப்பு எங்கே போகும் என்று முதல் நாளே சொன்னேன். இருக்கும் கடமைப் பட்டியலில் ஒரு வரி சேர்த்துப் பதிவாளரிடம் கையெழுத்து வாங்குங்கள். அந்த உதவியாளர் கையிலிருக்கும் வேறு ஒரு வேலையை அதே கடிதத்தில் வேறு ஆளுக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் இரண்டு மாதத்தில் பதிவேடு வெறுமையாகக் கிடக்கும். அவர் லீவு எடுத்தால் யார் என்பதையும் அந்தக் கடிதத்திலேயே எழுதுங்கள், அவரும் தமிழ் தெரிந்தவராக இருக்க வேண்டும். செனட்டுக்குக் கொடுக்கும் முன் வரைவை இங்கே ஒருமுறை போடுங்கள், இலக்கம் திகதி பார்த்துத் தருகிறேன்.